ஜெபக் குறிப்பு

6 நவம்பர் 1981, வெள்ளி

தேவஇரக்கம் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். மேற்கு டெல்லியில் இருக்கிற எங்கள் சபைக் குடும்பங்கள் பன்னிரண்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுகிறோம். பாட்டு, வசனம், ஜெபக் குறிப்பு, காபி. ஜெபக் குறிப்பு நேரத்தில் அவரவர் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள், எல்லாரும் அதற்காக ஜெபிப்போம். இன்று முடிவு ஜெபத்தை என்னைச் செய்யச் சொன்னார்கள். ஏழெட்டு நிமிடம் செய்தேன். இரண்டு அக்காமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆசீர்வாதம் தம்பி வாயைத் திறந்தால் கல்லும் கரையும் என்றார் அண்ணன். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

இந்த வரம் எனக்கு வீட்டிலும் உதவுகிறது. தினம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நேரில் சொன்னால் சண்டை வரும் விஷயங்களை நான் ஜெபத்தில் வைத்துவிடுவேன். “ஆண்டவரே, பாத்ரூம் விளக்கை அணைக்க மறக்கிறவர்களுக்கு நல்ல ஞாபகத்தைத் தாரும்.” கண்ணை மூடி இருப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாது. மறுநாள் விளக்கு அணைந்திருக்கும். ஒரு கிறிஸ்தவத் தகப்பன் குடும்பம் நடத்த இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

9 நவம்பர்

இன்று குடும்ப ஜெபம் என் மனைவி செல்லக்கனியின் முறை. குழாய் ஒழுகுவதை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறவரின் உள்ளத்தில் ஆண்டவர் பேச வேண்டுமாம். ஆமென் சொல்லும்போது மகள் ஹெப்சி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நாளைக்கு வாஷர் வாங்க வேண்டும்.

21 நவம்பர், சனி

ஹெப்சியின் ஃபிஸிக்ஸ் டீச்சரை மார்க்கெட்டில் பார்த்தேன். கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. மகளுக்கு டியூஷன் ஏற்பாடு செய்தீர்களா என்று இந்தியில் கேட்டார். எதற்கு என்றேன். அரையாண்டுப் பரீட்சையில் எழுபதுக்குப் பதினாறு என்றார். எனக்குத் தெரியாதே என்றேன். “ஆப்னே தோ ஸைன் கியா ஹை” என்றார், நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று.

வீட்டுக்கு வந்து அவள் இல்லாத நேரம் பையில் ரிப்போர்ட் கார்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. என்னுடையதைவிட அழகாகவே போட்டிருக்கிறாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராக அவளைப் பார்க்க வேண்டும் என்று பிறந்த நாளிலிருந்து ஜெபிக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டு வாங்கிய ஒரே பிள்ளை. பொய்க் கையெழுத்தா? என் வீட்டிலா?

24 நவம்பர், செவ்வாய்

மூன்று நாளாகக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ஊறுகாய் கேட்கிறாள், எடுத்துக் கொடுக்கிறேன். கேட்டுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறேன். தகுந்த நேரத்துக்குக் காத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம்.

செல்லக்கனியிடமும் சொல்லவில்லை.

27 நவம்பர், வெள்ளி

இன்று எங்கள் வீட்டு முறை. முப்பது பேருக்கு மேல். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, ஜமுக்காளம் விரித்திருந்தோம். செருப்பெல்லாம் படிக்கட்டு வரை போயிருந்தது. ஜெபக் குறிப்பு நேரத்தில் எனக்குள் ஏதோ ஏவியது. ஆவியானவரின் ஏவுதல் என்றே நினைக்கிறேன். எழுந்து நின்று சொன்னேன்: என் மகளுக்காக ஜெபியுங்கள், பரீட்சையில் தோற்றதை மறைத்து என் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள், பொய்யின் ஆவி அவளை விட்டு விலக வேண்டும். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. எல்லாரும் உருகி ஜெபித்தார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தார்.

ஹெப்சி சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு காபித் தட்டை எடுத்து வந்தவள் செல்லக்கனி.

ஆறு நாள் பாரம் இறங்கியது. மனசு லேசாக இருக்கிறது.

28 நவம்பர்

ஹெப்சி அறைக் கதவைத் திறக்கவில்லை. செல்லக்கனி என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? நான் பெத்த புள்ளையப் பத்தி ஊரோடு ஊரா நானும் உக்காந்து கேட்டேன்.”

சட்டைக் காலரில் லேசாகக் கருகல்.

29 நவம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஹெப்சியைச் சுற்றிக் கூட்டம். ஒரு அக்கா தலையில் கை வைத்து, கவலைப்படாதே, உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம் என்கிறார். இன்னொருவர், தன் மகனும் ஒன்பதாம் வகுப்பில் இப்படித்தான் செய்தான் என்கிறார். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் காற்றில் கையெழுத்துப் போடுவதுபோல் விரலை ஆட்டிச் சிரித்ததையும் பார்த்தேன். அவள் வாசற்படிக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றாள். பஸ்ஸில் என்னோடு உட்காராமல் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

முப்பது பேர் ஜெபிப்பது என்ன சின்ன விஷயமா? நன்றி சொல்ல வேண்டாம், முகத்தையாவது நேராக வைத்திருக்கலாம்.

2 டிசம்பர், புதன்

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. கதவைத் தட்டி, ஜெபத்துக்கு வரச் சொன்னேன். கதவைத் திறந்து நின்றாள். நான்கு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

“அப்பா, நீங்க ஆண்டவர்கிட்ட பேசறதே இல்ல. எங்ககிட்டதான் பேசறீங்க. அவர் சும்மா போஸ்ட்மேன்.”

என்ன பேச்சு பேசிட்டா. எங்க அப்பா முன்னால நான் இப்படி நின்னிருப்பேனா? நின்னிருந்தா பல்லு மிஞ்சியிருக்குமா? டெல்லியில வளர்ந்த கொழுப்பு. தமிழே ஒழுங்கா வாசிக்க வராது, என் ஜெபத்துக்குக் குத்தம் சொல்ல வந்துட்டா. கத்தினேன். கீழ் வீட்டு சர்தார்ஜி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவ கதவைச் சாத்திட்டா. மெதுவாத்தான் சாத்தினா.

செல்லக்கனியும் நானும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டிய வார்த்தைகள்.

6 டிசம்பர், ஞாயிறு

போதகர் என்னைத் தனியே கூப்பிட்டார். பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை. பிள்ளைகள் அவர் முன் முழங்காலிட்டு, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டு, திருவிருந்தில் சேர்கிற நாள். ஒன்பது பிள்ளைகளில் ஹெப்சியும் ஒருத்தி. அவள் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாளாம்.

“காரணம் கேட்டேன். இப்ப எனக்கு மனசு இல்ல, பொய்யா முழங்கால் போட மாட்டேன்னு நேரா வந்து சொன்னா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று பிள்ளைகளின் பெயரைப் பேராயர் முன் வாசிக்க வேண்டிய கமிட்டி செயலாளர் யார்? நான்தான்.

7 டிசம்பர்

தூக்கம் சரியில்லை. பொய்யின் ஆவி என்று சொன்னேனே. பொய்யாக முழங்கால் போட மாட்டேன் என்கிறாளே.

10 டிசம்பர், வியாழன்

மினிஸ்ட்ரியில் இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மேஜைக்கும் செக்ஷன் ஆபீசர் கல்யாணராமன் மேஜைக்கும் நடுவில் ஒரு ஸ்டீல் அலமாரிதான். லீவு ரூல் ஒன்றில் சந்தேகம். வழக்கம்போல் ஃபைலில் ஒரு பக்கம் நோட் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பியூனிடம் கொடுத்தேன். பியூன் நான்கு எட்டு நடந்து அவர் மேஜையில் வைத்தான். கல்யாணராமன் படித்துவிட்டு அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார்.

“ஓய் ஆசீர்வாதம், நான் இங்கதானே உக்காந்துண்டிருக்கேன். திரும்பி வாயால கேட்டா ஆகாதோ?”

செக்ஷன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். எதையும் முறையான வழியாக, மேலிடம் மூலமாகவே சொல்லிப் பழக்கம். எழுதிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடும், பதில் வருவது மேலே உள்ளவர் பாடு.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஹெப்சி சொன்னது இதைத்தான். பத்தடி தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் போக நான் பரலோகத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

11 டிசம்பர்

காலையில் நேரத்தோடு எழுந்து தனியாக முழங்காலிட்டேன். கேட்க ஆள் இல்லாமல் நான் ஜெபம் செய்து எத்தனை காலமாயிற்று? அலங்கார வார்த்தை ஒன்றும் வரவில்லை. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தைரியம் கொடும்.’ இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இது போய்ச் சேர்ந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

15 டிசம்பர், செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் அவளோடு நின்றேன். ஏட்டி ஹெப்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். என்ன என்று திரும்பினாள். ஸ்கார்ஃப் கட்டிக்கோ, காற்று அடிக்கிறது என்றேன். பஸ் வந்துவிட்டது.

பேராயர் முன் பேசுவேன், ஜாயிண்ட் செக்ரட்டரி முன் பேசுவேன். பதினேழு வயசுப் பிள்ளை முன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இருக்கட்டும், இன்று ஒரு வார்த்தை வந்தது. விடப்போவதில்லை.

20 டிசம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனை சாயங்காலம்தான். பகலில் நல்ல வெயில். ஹெப்சி தலை குளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். சுற்றிலும் பஞ்சாபிப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதே எனக்குப் பாதித் தைரியம். உன்னிடம் கேட்காமல் உன் விஷயத்தைக் கூட்டத்தில் சொன்னது என் தப்பு, என்னை மன்னித்துக்கொள் என்றேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். வெயிலில் கண் கூசியது, இருந்தாலும் மூடவில்லை.

அவள் கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“ஏன் சைன் போட்டேன் தெரியுமா? அடி விழும்னு பயந்து இல்ல. நீங்க அடிக்க மாட்டீங்க. ஏழு மணிக்கு ஜெபத்துல சொல்லுவீங்கன்னு பயந்துதான்.”

அவள் இன்னும் முடிக்கவில்லை.

“புரிஞ்சவங்க முன்னால என் பேரைக் கெடுத்தீங்க. புரியாதவங்க நடுவுல உக்காந்து சாரி சொல்றீங்க. இது நியாயமா அப்பா?”

கேட்டுவிட்டுத் தலையைப் பின்னிக்கொண்டு கீழே போய்விட்டாள். கடலைத் தோலைப் பொறுக்கிவிட்டு நானும் இறங்கினேன். செல்லக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நியாயத்தைத்தான கேட்டிருக்கா” என்றாள்.

25 டிசம்பர்

கிறிஸ்து பிறப்பு. ஹெப்சி ஆராதனைக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேக் நன்றாக வந்திருந்தது.

1 ஜனவரி 1982, வெள்ளி

புது வருஷம் என்பதால் இன்று கூட்டம் இல்லை. அடுத்த வெள்ளி திலக் நகரில் பொன்ராணி அக்கா வீட்டில். அங்கே சொல்வதாக ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி பின்வாங்க வழி இல்லை.

இன்று வழியில் தேவஇரக்கம் அண்ணனைப் பார்த்தபோது முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் பயந்துபோனார். அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது தம்பி, அதுவும் சபையில், நாளைக்கு எந்தப் பிள்ளை பெற்றோரை மதிக்கும் என்றார். நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொல்கிறார். அண்ணன், மதிப்பு இருக்கிறதா என்று எனக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன்.

8 ஜனவரி, வெள்ளி

ஹெப்சி வரவில்லை. நவம்பருக்குப் பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. வந்தால்தான் சொல்வேன் என்று நான் காத்திருந்தால் அது இன்னொரு சாக்கு. செல்லக்கனி பக்கத்தில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைச் செல்லக்கனிதான் திருப்பிக் கொடுத்தாள்.

ஜெபக் குறிப்பு நேரம் வந்தது. கண்ணை மூடியிருந்தவர்களிடம், கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள், இது ஜெபம் இல்லை என்றேன். பிறகு சொன்னேன்:

“நவம்பர்ல என் வீட்ல ஹெப்சியப் பத்தி ஒரு குறிப்புச் சொன்னேன். அது அவ விஷயம். அவகிட்டக் கேக்காம உங்ககிட்டச் சொன்னேன். அவகிட்டப் பேச எனக்குப் பயம், அதான் காரணம். பயத்தை பக்தின்னு நெனச்சுட்டேன். அவகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப உங்க முன்னாலயும் சொல்லுதேன், நான் செஞ்சது தப்பு. இனிமே அவகிட்ட யாரும் இதக் கேக்காதீங்க.”

உட்கார்ந்தேன். ஒரு குழந்தை தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தது. பொன்ராணி அக்கா அழுதார், எதற்கென்று தெரியவில்லை. ஒருவர், சரி சரி, அடுத்த குறிப்பு யார் என்றார். காபிக்குப் பிறகு இரண்டு பேர் என்னோடு பேசாமலே போனார்கள். மாடிப்படியில் இறங்கும்போது செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் அவள் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்து ஹெப்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ரசீது கேட்பதுபோல் ஆகிவிடும்.

இன்று நன்றாகப் பசித்தது. மூன்று சப்பாத்தி.

13 ஜனவரி, புதன்

யார் சொன்னார்களோ தெரியாது. ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். பாயின் ஓரத்தில், கதவுப் பக்கம். நான் என்னைப் பற்றி மட்டும் ஜெபித்தேன். என் கோபம், ஆபீஸில் ஒருவர்மேல் வைத்திருக்கிற எரிச்சல், ஊரில் தம்பியோடு பேசாமல் இருப்பது. இரண்டு நிமிடத்தில் ஆமென். “முடிஞ்சிட்டா?” என்றாள் செல்லக்கனி. அடுப்பில் சோறு இன்னும் வேகவில்லை.

30 ஜனவரி, சனி

ஹெப்சி தானாக வந்து, டாக்டருக்குப் படிக்க இஷ்டம் இல்லை என்றாள். ஃபிஸிக்ஸ் தலையில் ஏறவில்லை, ஹிஸ்டரி படிக்க வேண்டுமாம். ஹிஸ்டரி படித்து என்ன செய்வாய் என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றாள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொன்னேன். தெரியும் என்றாள். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில், இந்தப் பரீட்சையை மட்டும் ஒழுங்காக எழுது, பிறகு பேசலாம் என்றேன். சண்டைதான். ஆனால் இது எங்களுக்குள் நடந்த சண்டை.

பதினேழு வருஷ ஜெபத்தை என்ன செய்வது? அதை ஆண்டவரிடமே விட்டுவிட்டேன். டாக்டர் என்பது அவர் சொன்னதா, நான் சொன்னதா என்று யோசித்தால் நான் சொன்னதாகத்தான் இருக்கிறது.

21 பிப்ரவரி, ஞாயிறு

அவள் மனம் மாறி வருவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். நேற்றுவரை பட்டியலில் ஒன்பதாவது இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். காலையில் அவளிடமே கேட்டேன். “இந்த வருஷம் வேண்டாம்ப்பா. அடுத்த வருஷம் மனசு வந்தா நானே சொல்றேன். கோவமா?” என்றாள். கோபம் இல்லை, ஏமாற்றம் என்றேன்.

பேராயர் முன் நின்று எட்டுப் பெயர்களை வாசித்தேன். என் மகள் பெயர் இல்லாத பட்டியலை நானே வாசித்தேன். எட்டுப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி முழங்காலிட்டபோது நெஞ்சு வலித்தது உண்மை. வெளியே இரண்டு பேர் ஏன் என்று கேட்டார்கள். அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நான் எதற்கு என்றேன். இந்தப் பதிலை நவம்பரில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே அவரைத் திருத்தியிருப்பேன்.

ஹெப்சி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினாள். எழுத்துக் கூட்டித்தான், இருந்தாலும் பாடினாள்.

15 மார்ச், திங்கள்

ஃபிஸிக்ஸ் பரீட்சை. எப்படி என்று கேட்டேன். “அப்படி இப்படி” என்றாள். மேலே கேட்கவில்லை. தர்பூசணி வாங்கி வைத்திருந்தேன், சாப்பிட்டோம்.

4 ஜூன், வெள்ளி

ரிசல்ட் பேப்பரில் வந்தது. அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். பேப்பர்க்காரன் வாசலில் எறிந்ததை எடுத்து, பிரிக்காமல் அப்படியே அவள் மேஜையில் வைத்தேன். பிறகு பால்கனியில் ஷேவ் செய்ய உட்கார்ந்தேன். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டது. பேப்பரைப் பிரிக்காமல் வைத்தேனே, என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய காரியம் வேறு செய்ததில்லை.

வந்து பின்னால் நின்றாள்.

“அப்பா, ஃபிஸிக்ஸ்ல கம்பார்ட்மெண்ட். மத்ததெல்லாம் பாஸ். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

கம்பார்ட்மெண்ட் என்றால் அந்த ஒரு பாடத்தை மட்டும் ஆகஸ்டில் திரும்ப எழுத வேண்டும். முகத்தில் பாதி சோப்பு. என்ன சொல்லலாம் என்று தேடினேன். நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதிருவே என்றேன். முடியாவிட்டால் என்று கேட்டாள். முடியாவிட்டால் எங்கிட்ட வந்து சொல்லு என்றேன். அவள் கண்ணில் தண்ணீர். துண்டை நீட்டினேன், அதிலும் சோப்பு. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு செல்லக்கனியிடம் சேர்ந்து போய்ச் சொன்னோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.

11 ஜூன், வெள்ளி

மறுபடி எங்கள் வீட்டு முறை. மின்சாரம் இல்லை, நாற்பத்து மூன்று டிகிரி. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நவம்பரிலிருந்து கூட்டம் என்றாலே வெளியே போய்விடும் ஹெப்சி இன்று போகவில்லை. தண்ணீர் ஜாடியை எடுத்து வந்தவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபக் குறிப்பு நேரத்தில் தேவஇரக்கம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். ரிசல்ட் வந்துவிட்டதாமே தம்பி, பாப்பாவுக்கு என்ன ஆயிற்று, ஸ்தோத்திரம் செலுத்தலாமா என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல ஒன்றும் இல்லை அண்ணன் என்றேன்.

ஹெப்சி எழுந்து நின்றாள். ஜாடி இன்னும் கையில்.

“எனக்கு ஒரு ஜெபக் குறிப்பு இருக்கு. ஃபிஸிக்ஸ்ல ஃபெயில் ஆயிட்டேன். ஆகஸ்ட்ல திரும்ப எழுதணும், கொஞ்சம் பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணிக்கங்க. அப்பாவுக்குத் தெரியும், முதல்லயே சொல்லிட்டேன்.”

உட்கார்ந்தாள். பதினொரு வீட்டாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.